கொமட் சீற் ஆடுது, புதுசா வாங்கினது பொருந்துதில்லை: என்ன அளவு பார்த்து வாங்க வேணும்?

கல்லடிக்கரை

வீட்டுக் கொமட்டின் சீற் இடம் வலமா ஆடுது. பின்னுக்குப் பிணைச்சலுக்குக் கிட்ட மெல்லிய வெடிப்பும் விழுந்திருக்கு. இரண்டு போல்ட்டில ஒன்று கறள் பிடிச்சு நட்டோட இறுகிப் போச்சு. கீழே நட்டைத் திருப்பினா மேலே தலையும் சேர்ந்து சுத்துது. "எல்லாக் கொமட்டுக்கும் பொருந்தும்" எண்டு வாங்கின புது சீற்றை வச்சுப் பார்த்தா முன்னுக்கு இரண்டு விரல் அகலம் வெளியில நிக்குது.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வருத்தம். சீற் ஆடுறதாலதான் பயமா இருக்கு. வீடு கடலுக்குக் கிட்ட, இரும்பு எதுவும் நிலைக்காது. எந்த அளவுகளைப் பார்த்து வாங்க வேணும், இறுகின போல்ட்டைக் கொமட் உடையாம எப்பிடிக் கழட்டுறது எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குழாய்வேலை காரைதீவு

தங்கச்சி, புது சீற்றுக்குப் போல்ட் போடாதீங்க. பெட்டியோட அப்படியே வச்சாத்தான் மாத்தக் கேக்கலாம்.

"எல்லாத்துக்கும் பொருந்தும்" எண்டு பெட்டியில இருந்தா அது பெரும்பாலும் கொமட்டின் பின்பக்கம் போல்ட் போற இரண்டு துளைக்கும் இடையில உள்ள தூரத்தைத்தான் சொல்லுது. பிணைச்சல் தட்டில நீளமான துளை இருக்கிறதால போல்ட்டை உள்ளுக்கும் வெளியிலயும் நகர்த்தலாம். சீற்றின் நீளத்தை நகர்த்த ஏலாது.

பழைய சீற்றை அளக்காதீங்க, கொமட்டையே அளங்க. பழையதும் பிழையான அளவில போட்டதா இருக்கலாம். வேண்டிய அளவு நாலு. துளை நடுவில இருந்து மற்றத் துளை நடு வரைக்கும் ஒன்று. இது அநேகமா 14 முதல் 16 செ.மீ. வரும். இரண்டு துளைக்கும் குறுக்கா ஒரு கோல் வச்சு, அந்தக் கோட்டில இருந்து கொமட்டின் முன் விளிம்பின் வெளிப்பக்கம் வரைக்கும் அடுத்தது. 42 செ.மீ. அளவில வாறது குட்டை வாய், 47 அளவில வாறது நீட்டு வாய், இடையில வாறதும் உண்டு. பிறகு கூடின அகலம். கடைசியா, துளை நடுவில இருந்து பின்னால தண்ணித் தொட்டி வரைக்கும் உள்ள இடைவெளி. இதை அளக்காம விட்டா மூடி செங்குத்துக்கு மேல சாயாது, நிமித்தி விட்ட கையோட திரும்பி விழும்.

அளவோட ஒரு காகித அச்சும் எடுங்க. பழைய சீற்றைக் கழட்டின பிறகு பத்திரிகைத் தாளைக் கொமட் வாய்க்கு மேல விரிச்சு, வெளி விளிம்பைச் சுத்தி விரலால அழுத்தினா மடிப்பு விழும். துளை இரண்டையும் பேனையால குத்திக் குறிச்சு, மடிப்பு வழியே வெட்டுங்க. கடையில சீற்றுக்கு மேல வச்சா வட்டமா, முட்டை வடிவமா, முன்னுக்கு வளைஞ்சு பின்னுக்குத் தட்டையான வடிவமா எண்டு ஒரு நொடியில தெரியும். டேப் அளவு மட்டும் கொண்டு போறவங்க ஏமாறுறது இந்த வடிவத்திலதான்.

கல்லடிக்கரை

நன்றி அண்ணன். துளைக்குத் துளை 15.5 செ.மீ., முன் விளிம்பு வரைக்கும் 42.5, அகலம் 36, தொட்டிக்கு 6. வாங்கின சீற் துளைக் கோட்டில இருந்து 46.5 வருது. 4 செ.மீ. கூட எண்டாலும் போட்டுச் சமாளிக்கலாமா?

குழாய்வேலை காரைதீவு

போடவே வேணாம். சீற்றுக்குக் கீழே நாலு ரப்பர் குமிழ் இருக்கு, பாரம் அதுகள் வழியாத்தான் கொமட்டில இறங்க வேணும். முன்னுக்கு 4 செ.மீ. தள்ளி நிண்டா முன் குமிழ் இரண்டும் அந்தரத்தில தொங்கும். ஆள் எழும்புறதுக்காக முன்னுக்குச் சரியேக்க கொமட் விளிம்பு நெம்புகோல் மாதிரி நிண்டு, சீற்றின் பின்பக்கத்தை மேல கிளப்பும். அந்த இழுவை முழுக்கப் பிணைச்சலுக்கும் போல்ட்டுக்கும். உங்கட பழைய சீற் வெடிச்ச இடமும் அதுதான். அதைப் புரட்டிப் பாருங்க, ஒரு குமிழாவது விழுந்திருக்க வேணும்.

வெளி விளிம்பு அரைச் செ.மீ. கூடக் குறைய இருந்தாப் பரவாயில்லை. புதுசு பூட்டினதும் ஒரு துண்டுக் கடுதாசியை ஒவ்வொரு குமிழுக்குக் கீழயும் வச்சு, சீற்றைக் கையால அழுத்திக்கொண்டு இழுத்துப் பாருங்க. நாலு இடத்திலயும் கடுதாசி பிடிபட வேணும். ஒரு இடத்தில வழுக்கி வந்தா அந்த மூலை தொங்குது.

நிந்தவூர் ஹாட்வெயார்

கறள் போல்ட்டைப் பற்றி நான் சொல்றேன். முதல்ல கொமட் குழிக்குள்ள பழைய துவாய் ஒன்றை அடைச்சு விடுங்க. நட்டோ உடைஞ்ச துண்டோ உள்ளுக்கு விழுந்து வளைவில மாட்டினா அது வேற வேலை.

பிணைச்சலில பிளாஸ்டிக் மூடி இருந்தா தட்டை ஸ்குரூடிரைவரால கிளப்புங்க, கீழே போல்ட் தலை தெரியும். நட்டுக்குக் கீழே தெரியிற மரையில கறள் இளக்கிற ஸ்ப்ரே அடிச்சு அரை மணித்தியாலம் விடுங்க, நடுவில இன்னொரு தரம் அடிங்க. பிறகு மேலே தலையை ஸ்குரூடிரைவரால அசையாமப் பிடிச்சுக்கொண்டு, கீழே நட்டைக் குறட்டால திருப்புங்க. தலையில வெட்டு இல்லாட்டி, அல்லது வெட்டுத் தேஞ்சு போயிருந்தா மல்லுக்கட்ட வேணாம், அறுத்துப் போடலாம்.

அறுக்கிறது மேல்பக்கத்தில, பிணைச்சல் தட்டுக்கும் கொமட்டுக்கும் இடையில. போல்ட்டைச் சுத்தி உள்ள பீங்கானுக்கு இரண்டு அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதுக்கு மேல யோகட் கப் மூடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைங்க. ஹெக்சோ பிளேட்டைச் சட்டத்தில இருந்து கழட்டி, ஒரு முனையில துணியைச் சுத்திக் கையில பிடிச்சுப் படுக்கையா அறுங்க. அவசரம் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. சுத்தியலால தட்டுறது, நெருப்பால சூடு காட்டுறது இரண்டும் வேணாம். பீங்கான் ஒரு பக்கம் சூடேறினா வெடிக்கும். துளையைச் சுத்தி வெடிச்சாக் கொமட்டையே மாத்த வேணும்.

கழட்டின பிறகு எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணியால கழுவுங்க. அது இருந்தாப் புது ரப்பர் வொஷர் ஊதிப்போகும். பீங்கானில கறள் கறை இருந்தாத் தேசிக்காய்ச் சாறில நனைச்ச கடுதாசியை அரை மணித்தியாலம் போட்டு வச்சுத் தேயுங்க. பிளீச் ஊத்தாதீங்க, இரும்புக் கறை அதில இன்னும் அழுந்தும்.

ஆரையம்பதி

மர சீற் எப்பிடி? பார்க்க வடிவு, குந்தினாக் குளிராது, பாரமா ஆடாம இருக்கும் எண்டு சொல்றாங்க.

நிந்தவூர் ஹாட்வெயார்

மரம் எண்டு விக்கிறதில கூட வாறது மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகைக்கு மேல பெயின்ட் பூசினது. ஈரமே படாத குளியலறைக்கு அது சரி. எங்கட வீடுகள்ல கை ஷவர் அடிக்கிறோம், தரையையும் கொமட்டையும் சேத்துக் கழுவுறோம். பிணைச்சல் ஸ்குரூ போன ஓட்டையால தண்ணி உள்ளுக்கு இறங்கினா மாரி மாசத்தில காயவே காயாது. பலகை ஊதும், பெயின்ட் பொங்கும், ஸ்குரூ பிடியை விடும். எங்கட பக்கத்துக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

பிளாஸ்டிக்கில இரண்டு சாதி. பொலிப்ரொப்பிலீன் லேசானது, விலை குறைவு, வளையும், சுண்டிப் பார்த்தா மெல்லிய சத்தம். யூரியா போமல்டிஹைட் பாரமானது, பீங்கான் மாதிரிப் பளபளப்பு, சுண்டினா 'டக்' எண்டு கேக்கும். கீறல் லேசில விழாது, மஞ்சளிக்கிறதும் குறைவு. ஆனா சீமெந்துத் தரையில விழுந்தா உடையும். அம்மா பாவிக்கிறதுக்கு இந்த இரண்டாவதை எடுங்க, வளையாததால குந்தி எழும்பேக்க உறுதி. எதுவா இருந்தாலும் சீற்றுக்கு மேல கால் வச்சு ஏறிக் குந்தி இருக்க விடக்கூடாது. அந்தப் பாரத்தைச் சீற்றும் தாங்காது, சில நேரம் கொமட்டும் தாங்காது. உடைஞ்ச பீங்கான் கத்தி மாதிரி வெட்டும்.

ஆனா கடற்கரைப் பக்கம் முதல்ல சாகிறது சீற் இல்லை, போல்ட்டும் பிணைச்சலும்தான். அதால கடையில சீற்றின் மினுக்கத்தைப் பார்க்க முதல் போல்ட் பைக்கற்றைப் பிரிச்சுப் பாருங்க. நாகம் பூசின இரும்பு புதுசில வெள்ளையா மினுங்கும், உப்புக் காத்தில கெதியாக் கறள் பிடிக்கும். காந்தம் ஒன்றைக் கொண்டு போங்க. நல்லா ஒட்டினா இரும்பு எண்டே வைங்க. ஸ்டெயின்லெஸ், அதாவது லேசில கறள் பிடிக்காத உருக்கில, 304 எண்ட தரம் நல்லது, 316 தரம் கிடைச்சா அதைவிட நல்லது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமா இறுக்கினா மரை ஒன்றோட ஒன்று கடிச்சுப் பிடிச்சு, பிறகு கழட்ட ஏலாமப் போகும். நைலோன் நட் போட்டா அந்தத் தொல்லை இல்லை.

முழுப் பிளாஸ்டிக் போல்ட் கறள் பிடிக்காதுதான். ஆனா பாரத்தில மெல்ல மெல்ல நீளும், அடிக்கடி தளரும். வயசானவங்க பாவிக்கிற கொமட்டுக்கு வேணாம்.

குழாய்வேலை காரைதீவு

நிந்தவூர் நானா சொன்னதோட பூட்டுற முறையையும் சேக்கிறன். ஆட்டத்துக்கு உண்மையான காரணம் துளையிலதான் இருக்கு. பீங்கான் துளை 14, 15 மி.மீ. இருக்கும், போல்ட் 6 அல்லது 8 மி.மீ. எவ்வளவு இறுக்கினாலும் நடுவில காலி இடம் இருக்கு, பக்கவாட்டில தள்ளினாப் போல்ட் துளைக்குள்ள நகரும். அதை நிரப்பத்தான் கூம்பு வடிவ ரப்பர் வொஷர். கூம்பின் ஒடுங்கின பக்கம் துளைக்குள்ள மேல பார்த்துப் போக வேணும், அதுக்குக் கீழே தட்டை வொஷர், பிறகு நட். பல பேர் கூம்பைத் தலைகீழாப் போடுறாங்க, சில பைக்கற்றில அது இருக்கிறதே இல்லை. தனியாக் கேட்டு வாங்குங்க.

துளையைத் துடைச்சுக் காய விட்டு, இரண்டு போல்ட்டையும் தளர்வாப் போட்டு, சீற் இரண்டு பக்கமும் ஒரே அளவு நிக்குதா எண்டு பார்த்துச் சரிபண்ணுங்க. இரண்டு பக்க நட்டையும் மாறி மாறிக் கையால இறுக்கி, பிறகு குறட்டால கால் சுத்து. அதோட நிப்பாட்டுங்க. இரும்பு எதுவும் பீங்கானில நேரா முட்டக்கூடாது, மேலயும் கீழயும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்க வேணும். ஒரு கிழமைக்குப் பிறகு ரப்பர் அமர்ந்திருக்கும், இன்னொருக்கா இறுக்குங்க. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கையை வச்சுப் பார்த்தாப் போதும்.

அம்மா எழும்பேக்க மூடியிலயோ சீற்றிலயோ கை ஊன்றாம, சுவரில கைபிடி ஒன்று போட்டுக் குடுங்க. சீற் எவ்வளவு உறுதி எண்டாலும் அது ஆளைத் தூக்கி விடுறதுக்குச் செஞ்சதில்லை.

சம்மாந்துறை வாசி

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும் நானா. எங்கட கொமட் பக்கம் முழுக்க மூடின மாதிரி, கீழே கை விட இடமே இல்லை. நட்டை எங்கால பூட்டுறது?

நிந்தவூர் ஹாட்வெயார்

அதுக்கு மேலால பூட்டுற சீற் கேளுங்க. துளைக்குள்ள போற ரப்பர் குழல் ஒன்று வரும். மேலே ஸ்குரூவைத் திருப்பேக்க நட் மேல ஏறி ரப்பரை அமத்தும், அது பக்கவாட்டில ஊதித் துளையைப் பிடிக்கும். துளை ஈரமா, பிசுக்கா இருந்தாப் பிடிக்காம ரப்பரும் சேர்ந்து சுத்தும். துளையை நல்லாக் காய வச்சுப் போடுங்க. நாலைஞ்சு நாள் கழிச்சு மறுபடி இறுக்குறதை மறக்க வேணாம். கீழால பூட்டுற சீற்றை வாங்கி வந்து இதுக்கு மாட்ட ஏலாது, அதால கொமட்டின் பக்கவாட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க.

ஆரையம்பதி

தானா மெல்ல மூடுற சீற் வாங்கினா நிலைக்குமா? கழுவுறதில கவனிக்க வேண்டியதையும் ஒருக்காச் சொல்லுங்க.

குழாய்வேலை காரைதீவு

நிலைக்கும், கையால அமத்தி மூடாட்டி. பிணைச்சலுக்குள்ள தடித்த எண்ணெய் அடைச்ச சின்ன உருளை இருக்கு, அதுதான் மூடியைப் பிடிச்சுப் பிடிச்சு இறக்குது. கையால தள்ளினா உள் அடைப்புக் கிழியும், பிறகு மூடி 'டப்' எண்டு விழும். வெளியில எண்ணெய் விட்டு அதைத் திருத்த ஏலாது. இடது வலது உருளை வேற வேற, மாத்தேக்கச் சோடியாக் கேளுங்க. வாங்கேக்க, பொத்தானை அமத்தினாச் சீற் முழுசாக் கழண்டு வாற வகையா எண்டு பாருங்க. பிணைச்சலுக்குக் கீழே சேருற ஊத்தையை மாதம் ஒருக்காக் கழட்டிக் கழுவலாம். விலை கொஞ்சம் கூட எண்டாலும் அதுக்குக் குடுக்கலாம்.

சீற்றைக் கழுவ, பாத்திரம் கழுவுற திரவம் சில துளி, மெல்லிய துணி, நல்ல தண்ணி. பச்சைத் தேய்ப்பான், கம்பித் தேய்ப்பான் போட்டா நுண்ணிய கீறல் விழும், ஊத்தை அதுக்குள்ள குடியேறும், பிறகு எவ்வளவு தேய்ச்சாலும் மங்கல்தான். கிணத்துத் தண்ணியில உப்பு, சுண்ணாம்பு கூடின வீடுகள்ல கழுவினதும் பிணைச்சலைக் காய்ஞ்ச துணியால துடைச்சு விடுங்க.

பெரிய பிழை ஒன்று நடக்குது, அதைக் கட்டாயம் சொல்ல வேணும். கொமட்டுக்குள்ள அமிலத் திரவம் ஊத்திப்போட்டு, மணம் வராம இருக்க மூடியை மூடி விடுவாங்க. உப்பமில ஆவி மேல எழும்பிச் சீற்றுக்குக் கீழயும் போல்ட்டிலயும் படியும், ஸ்டெயின்லெஸ்ஸைக் கூட அரிக்கும். அது ஊறுற நேரம் சீற்றும் மூடியும் நிமிந்து நிக்க வேணும், யன்னல் திறந்திருக்க வேணும். பிறகு தண்ணி அடிச்சுப் பிணைச்சலையும் கழுவுங்க. அந்த அமிலத்தோட பிளீச்சைச் சேக்கவே கூடாது, வாறது குளோரின் வாயு. சின்னக் குளியலறைக்குள்ள அது உயிருக்கு ஆபத்து.

கல்லடிக்கரை

பழைய சீற்றைப் புரட்டிப் பார்த்தன் அண்ணன், முன் வலப்பக்கக் குமிழ் இல்லை. கூம்பு வொஷரும் இருக்கேல்லை, வெறும் தட்டை வொஷர்தான். கறள் போல்ட்டை அறுத்து எடுத்தாச்சு, பீங்கானுக்கு ஒன்றும் ஆகல்ல. காகித அச்சோட போய்ச் சீற்றை மாத்தப் போறன். புது சீற் வரும் வரைக்கும் அம்மாவுக்கு என்ன செய்யலாம்? பழையதையே கட்டி வச்சுப் பாவிக்கலாமா?

குழாய்வேலை காரைதீவு

வேணாம் தங்கச்சி. வெடிச்ச சீற் ஆள் குந்தேக்க விரிஞ்சு, எழும்பேக்கத் தோலைக் கவ்வும். வெறும் பீங்கானிலயும் இருத்தாதீங்க, தாழ்வு, வழுக்கும். நடுவில ஓட்டை உள்ள கொமட் கதிரை ஒன்றை இரவல் எடுத்து, அதின் வாளியைக் கழட்டிப்போட்டு, கால் நாலும் தரையில அசையாம நிக்கிற மாதிரி கொமட்டுக்கு மேலயே வைங்க. கால்கள்ல ரப்பர் தொப்பி இருக்குதா எண்டு பார்த்து வாங்குங்க. கதிரையின் ஓட்டை கொமட் வாய்க்கு நேரா வருதா எண்டு ஒருக்காத் தண்ணி ஊத்திப் பாருங்க.