மறுமொழி: ‘தியரி ஆஃப் மைண்ட்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஆட்டிசம் பற்றி ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘தியரி ஆஃப் மைண்ட்’ வருகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் செய்தவர் ‘மனக்கோட்பாடு’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வரைவைப் படித்த ஆசிரியை ஒருவர், “இது யார் சொன்ன கோட்பாடு, ஃபிராய்டா?” என்று கேட்டார். ‘இக்குழந்தைக்கு மனக்கோட்பாடு இல்லை’ என்று அவர் வாய்விட்டு வாசித்தபோது எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு என்று பிடிபடும் திறன், அதுதான் பொருள். பொம்மைச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். சாலி என்ற பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள், ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? 1985-இல் பாரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதைக் கேட்டபோது, ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் கூடையைச் சொல்லவில்லை.

சொல் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

———

> மனக்கோட்பாடு

அம்மா, முதலில் ‘மனம்’ தமிழா என்பதைத் தீர்த்துக்கொண்டு மேலே போவோம். மனஸ் என்பார் ஒரு சாரார், ‘மன்னுதல்’ வேர் என்பார் இன்னொரு சாரார். வம்பே வேண்டாம், நமக்கு ‘உள்’ இருக்கிறது. உள், உள்ளு, உள்ளல், உள்ளம். ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்ற இடத்தில் உள்ளல் என்றால் நினைத்தல்தானே. என் பரிந்துரை ‘உளவறிதல்’. உளவியல் என்ற சொல்லோடும் உறவாக இருக்கும்.

———

ஐயா, உளவறிதல் என்று போட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒற்றர் படையில் சேர்ந்துவிடுவார்கள். நேராக ‘பிறர்மனம் அறிதல்’ என்றே வைக்கலாமே, எந்த ஆசிரியருக்கும் புரியும். ஒரே எச்சரிக்கை: நான் ஒரு கட்டுரையில் இதைப் போட்டு அனுப்ப, அது ‘பிறர்மனை அறிதல்’ என்று அச்சாகி வந்தது. அதைச் செய்யாதே என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

———

புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? ‘குறிப்பறிதல்’ இருக்கிறதே. பொருட்பாலுக்கு ஒன்று, காமத்துப்பாலுக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு அதிகாரம், 71, 110. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் / கடுத்தது காட்டும் முகம்.’ முகம் பார்த்து அகம் அறிவது. இதைவிட வேறென்ன வேண்டும்?

———

> முகம் பார்த்து அகம் அறிவது

அங்கேதான் இடிக்கிறது. பொம்மைக்கு ஏது முகக்குறிப்பு? சாலி வெளியே போய்விட்டாள் என்பது ஒன்றுதான் குழந்தைக்குத் தெரியும், அதை வைத்து அவள் தலைக்குள் இருப்பதைக் கட்டிக்கொள்ள வேண்டும். இலக்கணக்காரனாக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘குண்டு கூடையில் இருக்கிறது’ பொய். ‘குண்டு கூடையில் இருக்கிறது என்று சாலி நினைக்கிறாள்’ மெய். பொய்யை மடியில் வைத்துக்கொண்டே வாக்கியம் மெய்யாகிவிடுகிறது, எல்லாம் அந்த ‘என்று’ செய்கிற வேலை. ‘என்’ என்ற சொல்வினை எப்படி எண்ணத்துக்கு இடைச்சொல்லாக வந்து நின்றது என்று எழுத ஆரம்பித்தால் வெள்ளி போய்விடும். ‘என்றறிதல்’ என்று வைத்துப் பாருங்களேன். சரி, யாரும் வைக்கப்போவதில்லை.

———

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஆட்டிசம் உண்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சில நாள் முன்பு கூட்டம் ஒன்றில் நான் பேசிக்கொண்டே போக, பக்கத்திலிருந்தவர், “மணி என்ன ஆச்சு தெரியுமா?” என்றார். “ஐந்து நாற்பது” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். போதும் நிறுத்து என்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை என்பது அவருக்குப் பிடிபட்டதா? இல்லையே, வேண்டுமென்றே கிண்டல் செய்கிறேன் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பிறர்மனம் அறியாதவர் யார்? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் இதை இருபக்கச் சிக்கல் என்று எழுதினார். புரியாமை இருவருக்கும் நடுவில் கிடக்கிறது, ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை.

குறிப்பறிதல் சொன்ன ஐயா அதே அதிகாரத்தில் இரண்டாம் குறளையும் பார்க்கலாம். ‘ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்.’ சந்தேகமில்லாமல் அடுத்தவர் அகத்தை உணர்பவன் தெய்வத்துக்குச் சமம். அப்படியானால் மற்றவர்கள் எல்லாம் குத்துமதிப்பாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ‘அறிதல்’ வேண்டாம், ‘கணிப்பு’ என்று போடுங்கள். கணிப்பு தப்பலாம். 1978-இல் சிம்பன்சிக்கு இது உண்டா என்று கேட்ட உளவியலாளர்கள் பிரேமக்கும் உட்ரஃபும் ‘தியரி’ என்று பெயர் வைத்ததே, அடுத்தவர் மனநிலை கண்ணுக்குத் தெரியாது, ஊகித்து வைத்துக்கொண்டு அவர் செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற கணக்கில்தான்.

அப்புறம், ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்று எங்கேயும் போட்டுவிடாதீர்கள். என் மதி இறுகிக் கிடக்கவில்லை.

———

> மதியிறுக்கம்

ஒத்துக்கொள்கிறேன், கெட்ட ஆக்கம். ஆனால் ‘ஆட்டிசம்’ என்று அப்படியே விடுவதா? கிரேக்க ‘ஆட்டோஸ்’ நம் ‘தான்’. தன்மை, தன்னியம்...

———

ஐயா, தன்னியத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். நாளை வெள்ளி.

நான் எண்ணிய வரையில் ‘பிறர்மனம் அறிதல்’ நான்கு பேர், ‘குறிப்பறிதல்’ இரண்டு, ‘உளவறிதல்’ ஐயா ஒருவர். ‘பிறர்மனக் கணிப்பு’ என்றவரும் ஒருவரே. ஆனாலும் கையேட்டில் அதைத்தான் போட்டிருக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘தியரி ஆஃப் மைண்ட்’. ‘இக்குழந்தைக்கு மனக்கோட்பாடு இல்லை’ என்ற வரி இப்போது ‘இக்குழந்தையின் கணிப்பும் உங்கள் கணிப்பும் பொருந்தாமல் போகலாம்’ என்று இருக்கிறது. மூலத்தில் அப்படி இல்லை என்று பதிப்பாசிரியர் கேட்பார், பார்த்துக்கொள்கிறேன். ‘மனை’ என்று எங்காவது விழுந்திருக்கிறதா என்றும் தேடிவிட்டேன்.

———

கணிப்பு சோதிடர் சொல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. ‘கணி’ என்பதன் வேர் பற்றி ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்.