ராபர்ட் ஹட்சின்ஸ் சிகாகோவை உயர்த்தினாரா, உடைத்தாரா?

கீற்று:
பல்கலைக்கழகத் தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். 1929-ல் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது 30. 1951 வரை அங்கேதான் இருந்தார். 1939 டிசம்பரில், பல்கலைக்கழகத்தின் 'அமெரிக்கக் கால்பந்து' விளையாட்டு அணியையே கலைத்துவிட்டார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதை 1935-ல் முதன்முதலில் வாங்கியவர் சிகாகோ மாணவர். அப்படிப்பட்ட பெயர் உள்ள இடத்தில், பழைய மாணவர்களின் கோபத்தைப் பற்றிக் கவலைப்படாமல், படிப்புதான் முக்கியம் என்று முடிவெடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பழைய பதிவாளர்:
அந்த ஒரு முடிவை வைத்தே அவரைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதே 1939-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியிடம் சிகாகோ 85-0 என்று தோற்றது. சாகக் கிடந்த அணிக்குத்தான் அவர் மூடுவிழா நடத்தினார்.

எனக்கு அவரிடம் உள்ள குறை வேறு. வந்த புதிதிலேயே, தத்துவத் துறையைக் கலந்து பேசாமல் தன் நண்பர் மார்ட்டிமர் ஆட்லரை உள்ளே கொண்டுவந்தார். துறை கொந்தளித்தது. ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் போன்ற பெரிய அறிஞரே விலக முடிவு செய்தார். கடைசியில் ஆட்லரைச் சட்டப் பள்ளியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. சரி, இளவயது அவசரம் என்று விடலாம் என்றால், 1944-ல் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்ற படிநிலையே வேண்டாம் என்றார். ஆசிரியர்கள் அறங்காவலர்களிடம் நேராக முறையிடும் அளவுக்குப் போனது. நானும் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் பல வருடம் கோப்பு பார்த்தவன். மேலே இருப்பவர் கேட்காமலே முடிவெடுத்தால், கீழே இருப்பவர்கள் நல்ல திட்டத்தையும் நம்பமாட்டார்கள்.

கீற்று:
ஐயா, ஆட்லர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 1935-ஐ விட்டுவிட்டீர்களே. மருந்துக்கடை அதிபர் சார்லஸ் வால்கிரீன், பல்கலைக்கழகத்தில் கம்யூனிசம் போதிக்கிறார்கள் என்று சொல்லி, அங்கே படித்துக்கொண்டிருந்த உறவுப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினார். பத்திரிகைகள் பெரிதாக்கின, இலினாய் மாநில செனட் விசாரணையே வைத்தது. ஆசிரியர்களில் இரண்டு பேரைப் பலிகொடுத்து ஊர் வாயை அடைப்பது எவ்வளவு சுலபம்! ஹட்சின்ஸ் ஒருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே வால்கிரீன் 5,50,000 டாலர் நன்கொடை தந்தார். 1949-ல் மாநிலத்தின் பிராய்ல்ஸ் குழு மறுபடி கம்யூனிஸ்டுகளைத் தேடி வந்தபோதும் அவர் அசையவில்லை. ஆசிரியருக்கு இப்படித் துணை நிற்கும் தலைவர் கிடைத்தால், படிநிலை பற்றிய சண்டையை நான் பொறுத்துக்கொள்வேன்.

நெடுவழி:
நீங்கள் இருவரும் ஆசிரியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மாணவர் பக்கம் பாருங்கள். அவருடைய இளநிலைத் திட்டத்தில் வருகைப் பதிவு கட்டாயமில்லை. பாட வேளைகளை எண்ணிப் பட்டம் தரவில்லை. பாடம் நடத்தியவர் மதிப்பெண் போடாமல், தனியாக ஒரு தேர்வுக்குழு முழுப்பாடத்துக்கும் தேர்வு வைத்தது. மாணவனுக்கு ஆசிரியர் நீதிபதியாக இல்லாமல் துணையாகிறார். நானும் கற்பிப்பவன்தான், இந்த ஏற்பாடு எனக்குக் கிடைத்திருந்தால் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பில் இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தை மற்ற பல்கலைக்கழகங்கள் முழுப் பட்டமாக ஏற்கத் தயங்கின. சேர்க்கை சரிந்தது, பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அடுத்து வந்த லாரன்ஸ் கிம்ப்டன் அந்தத் திட்டத்தின் பெரும்பகுதியை மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய பதிவாளர்:
இதைத்தான் சொல்கிறேன். வால்கிரீன் விவகாரத்தில் அவர் நின்ற விதத்துக்கு நான் தலைவணங்குகிறேன், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் 22 வருடம் பதவியில் இருந்தவர் உருவாக்கிய திட்டத்தை அடுத்தவர் வந்ததுமே பிரித்துப் போட முடிந்தது என்றால், அதைத் தன்னுடையது என்று காக்க அங்கே போதுமான ஆசிரியர்கள் இல்லை என்றுதானே பொருள்?

கீற்று:
எல்லாம் போய்விடவில்லை ஐயா. எல்லா மாணவர்களும் பொதுவாகப் படிக்கும் அடிப்படைப் பாடத்திட்டம் சிகாகோவில் இன்றும் இருக்கிறது. கால்பந்து திரும்பி வந்தது, ஆனால் பழைய பெரும் போட்டிகளுக்கு இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் அணு உலை இயங்கியது, அந்தக் கைவிடப்பட்ட கால்பந்து மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில். போருக்காக, அணுகுண்டு செய்யும் அந்த ரகசிய வேலைக்கு இடம் கொடுத்ததும் இதே ஹட்சின்ஸ்தான். ஹிரோஷிமாவுக்குப் பிறகு உலக அரசமைப்புச் சட்டம் எழுதும் குழுவை அவர் சிகாகோவில் கூட்டினார். அந்த அணுகுண்டு வேலைக்கு அவர் மறுத்திருக்க முடியுமா? நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பழைய பதிவாளர்:
மறுத்திருக்க மாட்டேன். இதில் மட்டும் நான் அவர் பக்கம். ஆட்லர் விஷயத்தில் இல்லை.