ரஸ்ட்: உரையும் அதன் வரிகளும் ஒரே ஸ்ட்ரக்டில், இ0505 பிழை

கேள்வி:
வணக்கம். ரஸ்ட் நிரல்மொழி பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. தமிழ்ச் சொற்பட்டியல் கோப்பு ஒன்றில் தேடும் சின்ன நிரல் எழுதுகிறேன். ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வகை), அதில் ‘உரை’ ஒரு ஸ்ட்ரிங், ‘வரிகள்’ அந்த உரையையே சுட்டும் ரெஃபரன்ஸ்கள் அடங்கிய வெக் (பட்டியல்). ஃபங்ஷனுக்குள் கோப்பைப் படித்து, வரி பிரித்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் கம்பைலர் தரும் பிழை இ0505: உரை இரவலில் இருக்கிறதாம், நகர்த்தக் கூடாதாம். ஸ்டாட்டிக் லைஃப்டைம் (ரெஃபரன்ஸ் நிரல் முடியும்வரை செல்லும் என்ற குறி) போட்டுப் பார்த்தேன், இ0597-உம் (உரை போதிய காலம் வாழவில்லை என்ற பிழை) சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கப்போகின்றன?

பதில் 1:
ஒவ்வொரு வரியையும் தனி ஸ்ட்ரிங்காக எடுத்து வைத்துவிடுங்கள். கோப்பு சின்னது என்றால் இதுவே போதும்.

பதில் 2:
அது நடக்கும், ஆனால் வரிக்கு ஒரு ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) ஒதுக்கீடு. லட்சம் வரி என்றால் எனக்கு மனம் வராது.

தம்பி, லைஃப்டைம் குறி எதன் ஆயுளையும் நீட்டாது. இருக்கிற உறவைக் கம்பைலரிடம் சொல்வதற்கு மட்டுமே அது. ஸ்ட்ரிங் என்பது 64-பிட் கணினியில் 24 பைட்: ஒரு சுட்டி, நீளம், கொள்ளளவு. நகரும்போது போவது அந்த 24 பைட்தான். ஹீப்பில் உள்ள எழுத்துகள் அசையாது. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் பாரோ செக்கர் (கம்பைலரில் இரவலைச் சரிபார்க்கும் பகுதி) அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. பார்த்தாலும், நாளை நீங்கள் உரையில் நாலு எழுத்து சேர்த்தால் ஹீப் இடமே மாறலாம். அப்போது வரிகள் எல்லாம் காலி வீட்டைக் காட்டும்.

வரிகளுக்குப் பதில் தொடக்க, முடிவு பைட் எண்களை வையுங்கள். தேவைப்படும்போது உரையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அல்லது உரையை மெயினில் வைத்து, ஸ்ட்ரக்ட் அதை இரவல் வாங்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
எண்கள் வைத்தேன் அண்ணா, கம்பைல் ஆகிவிட்டது! ஆனால் இரண்டாவது வரியை எடுத்ததுமே பேனிக் (நிரல் பிழையோடு நின்றுவிடுகிறது): பைட் எண் எழுத்தின் எல்லையில் இல்லையாம். லைன்ஸ் (உரையை வரிகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன்) தரும் வரியின் நீளத்தோடு 1 கூட்டித்தான் அடுத்த தொடக்கம் கணக்கிட்டேன்.

பதில் 2:
கோப்பு விண்டோஸில் சேமித்ததா? அங்கே வரி முடிவுக்கு 2 பைட். லைன்ஸ் இரண்டையும் கழற்றிவிடும், நீங்கள் ஒன்றைத்தான் கூட்டினீர்கள். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட், ‘தமிழ்’ (த, ம, ி, ழ, ் என ஐந்து குறி) மட்டும் 15. ஒரு பைட் பிசகினால் முடிவு எண் கடைசிக் குறியின் நடுவில் விழும். வெறும் ஆங்கிலக் கோப்பாக இருந்தால் சத்தமில்லாமல் தப்பாக ஓடியிருக்கும். ஸ்ப்ளிட்_இன்க்ளூசிவ் பயன்படுத்துங்கள், வரிமுடிவோடு சேர்த்தே தரும், நீளத்தை அப்படியே கூட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், நோட்பேடில் சேமித்ததுதான். இப்போது சரியாக வருகிறது. வெட்டி எடுத்த பிறகு வால் பைட்களை மட்டும் நீக்கிக்கொண்டேன். நன்றி அண்ணா.