திருகோணமலை உப்புவெளியில வீடு கட்டுறம்: ஒழுங்கைக்குள்ள டிப்பர் வராது, மேசன் பாஸும் 3 கிழமையா இல்லை. என்ன செய்யலாம்?

ஒழுங்கைவீடு: ஒழுங்கை 8 அடி, முழுக்க மணல் தரை. சுவர் லிண்டல் மட்டத்துக்கு மேல எழும்பிட்டுது, இனி 800 சதுர அடி சிலாப். கூலிக் கொந்தராத்து, சாமான் எங்கட பொறுப்பு. முற்பணம் வாங்கின பாஸ் ஆக்களை வேற வேலைக்குக் கொண்டுபோயிட்டார். முனையில பக்கத்துக் காணி வேலி வேற உள்ள வந்து நிக்குது. கார்த்திகை மழைக்கு முன்னம் சிலாப் போடவேணும்.

மட்டப்பலகை: தம்பி, இது ரெண்டு பிரச்சினை இல்லை, ஒண்டுதான். கூலிக் கொந்தராத்தில மணலும் கல்லும் இறங்காத நாளுக்குப் பாஸைக் குற்றம் சொல்லேலாது. முதல் சாமானை இறக்குங்கோ. 5 அங்குலச் சிலாப் எண்டால் கொங்கிறீட் ஏறக்குறைய 3.3 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), பீம் தனி. 1:2:4 கலவைக்குச் சீமெந்து 60 மூடை, மணல் 1.5 கியூப், முக்கால் அங்குலக் கல் 3 கியூப். சேதாரத்துக்கு 10 வீதம் கூட்டுங்கோ. உள்ளூர்ச் சபையிட்டைக் கேட்டு வீதியோரம் கொட்டுவிச்சு, ட்ரக்டர் பெட்டியில இழுங்கோ. கியூப் ஒண்டு ஒரு ஓட்டம். முனையில திரும்பாட்டில் லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு ட்ரக்டர்), ஓட்டம் கூடும். சில்லுப் புதையிற இடத்துக்கு மட்டும் 6 அங்குலம் கிரவல் போட்டு, தண்ணி அடிச்சு இறுக்கினாப் போதும்.

ஒரே நாளில கொட்டி முடிக்கவேணும், அதால ரெண்டாவது மிக்ஸர் ஒண்டு கைவசம் நிக்கட்டும். இடையில நிப்பாட்டத்தான் வேணுமெண்டால் பீம் ஓரத்தில வேண்டாம். ரெண்டு பீமுக்கும் நடுப்பகுதியில பலகை வைச்சு நேர்க்குத்தா நிப்பாட்டுங்கோ.

ஒழுங்கைவீடு: காணிக்குள்ளேயே நல்ல மணல் கிடக்கு அண்ணா, அதைக் கலக்கலாமோ?

மட்டப்பலகை: கொங்கிறீட்டுக்கு வேண்டவே வேண்டாம். கடற்கரை மணலில இருக்கிற உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதி, கொங்கிறீட்டை உள்ளுக்கிருந்து வெடிக்கப் பண்ணும். மகாவலி ஆத்து மணல் எடுங்கோ, டிப்பர்காரரிட்ட மணல் அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டும் பாருங்கோ. வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற கம்பிக்கு இப்பவே சீமெந்துப் பால் (தண்ணியில கரைச்ச சீமெந்து) பூசி விடுங்கோ. கொங்கிறீட்டுக்கு முதல் நாள் கம்பி பிரஷால தேய்க்கவேணும்.

எல்லைக்கல்: வேலியில கை வைக்காதேங்கோ. காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்து, படத்தில ஒழுங்கை எத்தனை அடி எண்டு பாருங்கோ. 8 அடிக்குக் கூட எண்டால், அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் காட்டுவியுங்கோ. அதுக்குப் பிறகும் மறுத்தால் மத்தியஸ்த சபை. இதுக்கு மாதக்கணக்காகும், சிலாப்பை அதுக்காக நிப்பாட்டி வைக்கவேண்டாம்.

பாஸ் விஷயம்: சாமான் இறங்கின அண்டைக்கே படம் எடுத்து, "சாமான் தயார், 14 நாளுக்குள்ள வேலை தொடங்கவேணும்" எண்டு பதிவுத் தபாலில கடிதம் போடுங்கோ. வந்தால் மிச்சக் காசைப் பலகை, கம்பி, கொங்கிறீட் எண்டு வேலை முடிய முடியக் குடுங்கோ; முற்பணத்தை ஒவ்வொரு கட்டத்திலயும் கழியுங்கோ. கடைசி 5 வீதம், முட்டுக் கழட்டி ஒழுக்குப் பார்த்த பிறகு. வராட்டில், புது ஆளை இறக்க முன்னம் முடிஞ்ச வேலையை அளந்து எழுதி, அவரைக் கையெழுத்துக்குக் கூப்பிடுங்கோ. அளக்காமல் புது மேசன் கை வைச்சால், முற்பணத்தில எவ்வளவு கழிஞ்சது எண்டு பிறகு ஒருத்தராலயும் சொல்லேலாது.