பாதையில் கல்தூண் ஊன்றி முள்கம்பி போட்டுவிட்டார்: எந்த உரிமையில் வழக்குப் போடுவது?

கேள்வி
வணக்கம். தோட்டம் 1 ஏக்கர் 20 சென்ட். ரோட்டுக்கு வரக் கிழக்கே பக்கத்துக்காரர் பட்டா நிலத்தில் 10 அடி வண்டிப்பாதை. 1987 கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியத்துடன்" (வழக்கமாக வண்டி போய்வரும் பாதையின் உரிமையோடு) என்று மட்டும் இருக்கிறது. அகலமோ சர்வே எண்ணோ இல்லை. போன மாதம் கல்தூண் ஊன்றி ஐந்து வரிசை கம்பி இழுத்துவிட்டார். மேற்கே ஓடைக்கரையில் நடந்து போகலாம், டிராக்டர் போகாது. "அதான் வேறு வழி இருக்கே" என்கிறார். வழக்கு நிற்குமா?

பதில் 1
உங்கள் பத்திரத்தில் எழுதியது அவரைக் கட்டாது. விற்றவருக்கே அந்த நிலமும் சொந்தமாக இருந்திருந்தால்தான் அந்த வரிக்கு உயிர். ஆகவே பக்கத்துக்காரருடைய சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திர நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். பழைய பாகப்பிரிவினையில் பாதை விட்டிருந்தால் அது எழுதிக்கொடுத்த உரிமை. அங்கே "வேறு வழி இருக்கே" எடுபடாது. மாற்றுவழி வந்ததும் ஒழிவது, வேறு வழியே இல்லாத அவசியத்தால் பிறந்த உரிமைதான் (வசதியுரிமைச் சட்டம் 1882, பிரிவு 41; வசதியுரிமை என்றால் பாதை போன்றவற்றுக்காக அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை). உச்ச நீதிமன்றம் 2006-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தது.

பதில் 2
பத்திரம் கிடைக்காவிட்டால் அதே சட்டத்தின் பிரிவு 15: 20 வருடம், வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாகப் பாதையில் போய்வந்திருக்க வேண்டும். அந்த 20 வருடம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். முன்னாள் உரிமையாளர் நடந்த காலமும் சேரும். "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று கடிதம் கொடுத்துவிடாதீர்கள், அனுமதி கேட்டு நடந்ததாக அதையே திருப்பிக் காட்டுவார்கள்.

இன்னொன்று, பலரும் சறுக்குவது இங்கேதான்: பாதை என் சொந்தம் என்றும், அவர் நிலத்தில் எனக்கு வழியுரிமை என்றும் ஒரே பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுவது. சொந்த நிலத்தின் மேல் வசதியுரிமை கிடையாது. எழுத்து மூலம், நீண்டகால அனுபவம், அவசியம் மூன்றையும் மாற்று வாதங்களாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விவரத்தோடு வையுங்கள்.

பதில் 3
வேலி ஏற்கெனவே நிற்கிறது. வெறும் தடையுத்தரவு கேட்டால் கம்பி அப்படியே இருக்கும். உரிமை விளம்பல், வேலியை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை (அவரே அகற்ற வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு), இனி மறிக்காதிருக்க நிரந்தரத் தடை, மூன்றும் வேண்டும். சொத்து விவரத்தில் அவர் சர்வே எண், பாதை தொடங்கும் இடம், நீளம், 10 அடி அகலம், எந்தத் திசையில் முடிகிறது என்பதெல்லாம் வரட்டும்; ஏபிசிடி குறித்த வரைபடமும் இணையுங்கள். "மாமூல் பாதை" என்று மட்டும் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கினால், அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அமீனா எங்கே போய் அளப்பார்?

தாக்கல் செய்த அன்றே, உரிமையியல் நடைமுறைச் சட்டம் உத்தரவு 26 விதி 9-இல் இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞர் ஆணையர் வேண்டும் என்று மனுப் போடுங்கள், சர்வேயர் உதவியோடு. வண்டித்தடம் இரண்டும் பள்ளமாக, நடுவே புல் மேடாக இருக்கும். ஒரு மழைக்குப் பின் உழுதுவிட்டால் அந்தத் தடம் போய்விடும். எஃப்எம்பியில் (நில அளவை வரைபடத்தில்) பாதை புள்ளிக்கோட்டில் இருந்தால் நகலை ஆணையரிடம் கொடுங்கள்.

கம்பியை நீங்களே வெட்டாதீர்கள். கைகலப்பு வரும் நிலை என்றால் கோட்டாட்சியரிடம் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 166 மனு உண்டு. ஆனால் வருடம் முழுதும் பயன்படும் பாதைக்கு, மனுவுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் அதில் நடந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது.