மாதவிலக்கு தள்ளிப் போறதுக்கு ஏன் சுகர் மாத்திரை? என் அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

வணக்கம், ரங்கூன்ல இருந்து எழுதுறேன். எங்க தெருத் தங்கச்சி ஒருத்தி, சினைப்பை நீர்க்கட்டின்னு (பிசிஓஎஸ்) சொல்ற பிரச்சனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை ஒரு வாரத்துல நிறுத்திட்டா. "எனக்குத்தான் சுகரே இல்லையேக்கா, எதுக்கு இதை முழுங்கணும்?"னு கேட்டா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதையே கேட்டு, இதையேதான் செஞ்சேன்.

வயசுக்கு வந்ததுல இருந்தே எனக்கு விலக்கு ஒழுங்கா வந்ததில்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, சில சமயம் நாலு மாசம். ரத்தம் பத்தலைன்னு அம்மா முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் கொடுத்தாங்க. பீலிக்கான் முனீஸ்வரருக்குப் பால்குடம் வேண்டிக்கிட்டாங்க, நானும் எடுத்தேன். ஆனா என்னை ரொம்ப அழ வெச்சது என் கழுத்து. பின்னாடி வளையம் வளையமா கருப்பு. அழுக்குன்னு நெனச்சு அம்மா பீர்க்கங்கூடு வெச்சுத் தோல் எரியிற வரைக்கும் தேய்ப்பாங்க. அப்புறம் தனக்காங்கிற மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி இழைச்சு அது மேல கெட்டியாப் பூசி மறைப்பாங்க. பொண்ணு பாக்க வந்தப்போகூட கூந்தலை விரிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்தேன்.

அது அழுக்கு இல்லைன்னு முதல்ல சொன்னது ஒரு பர்மாக்கார சயாமா, அதாவது லேடி டாக்டர். ரத்தத்துல இன்சுலின் அளவுக்கு மீறி இருந்தா கழுத்திலயும் அக்குள்லயும் தோல் அப்படித் தடிச்சுக் கருக்குமாம். 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணியைக் குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. சுகர் வியாதி இல்ல, ஆனா வாசல்ல வந்து நின்னுது.

அவங்க சொன்ன விளக்கத்தை இன்னிக்கும் மறக்கல. உடம்பு இன்சுலினோட பேச்சைக் கேக்காதப்போ கணையம் இன்னும் இன்னும் சுரக்குது. தசையும் கல்லீரலும் கேக்காட்டியும் சினைப்பை மட்டும் நல்லாக் கேக்குது. அந்த மிச்ச இன்சுலினால அங்க ஆண் ஹார்மோன் கூடுது, முட்டை பாதி வளர்ந்து அப்படியே நின்னுடுது. ஸ்கேன்ல வரிசையாத் தெரியிறது நின்னுபோன முட்டைப் பைகள்தான். நீர்க்கட்டின்னு பேர் வெச்சுட்டதால அறுத்து எடுக்கணுமோன்னு நாம பயந்து சாகுறோம். மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுறதைக் குறைச்சு, உடம்பை இன்சுலினோட பேச்சைக் கேக்க வைக்குது. சுரக்க வேண்டிய இன்சுலினும் குறையுது.

இவ்வளவு கேட்டும் நிறுத்தினேன். காரணம் ரெண்டு. மருந்துக் கடையில அட்டையைப் பாத்ததும் "சீஜோவா?"ன்னு சத்தமாக் கேட்டாங்க. சர்க்கரை வியாதிக்குப் பர்மியத்துல அதான் பேரு. பக்கத்துல நம்ம கோயில்ல பாக்குற அம்மா ஒருத்தங்க நின்னாங்க. ராத்திரிக்குள்ள எனக்கு சுகர்னு பேச்சு வீடு வரைக்கும் வந்துடுச்சு, பேசிக்கிட்டிருந்த ஒரு சம்பந்தமும் நின்னுபோச்சு. இன்னொண்ணு, சீக்கிரம் குணமாகட்டும்னு வெறும் வயித்துல முழு அளவையும் போட்டு, மூணு நாள் வயித்தால போச்சு.

அப்புறம் அஞ்சு மாசம் விலக்கே வரல. வந்தப்போ 18 நாள் நிக்கல. மாசக்கணக்கா உதிராம இருந்தா கருப்பையோட உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், பல வருஷம் அப்படியே விட்டா புத்துநோய் ஆபத்துகூட உண்டுன்னு சயாமா கோபமாச் சொன்னாங்க. எனக்காகக் கோபப்பட்ட முதல் ஆள் அவங்கதான். இந்தத் தடவை ராத்திரிச் சோத்தோட 500 மில்லிகிராம் மட்டும். ரெண்டு வாரம் கழிச்சுக் காலைச் சாப்பாட்டோட இன்னொண்ணு. மெதுவா 1500க்கு ஏத்தினாங்க. வயிறு ஒண்ணும் பண்ணல. டின்பால் டீ ஒரு நாளைக்கு நாலு குடிப்பேன், அதை ஒண்ணாக்கினேன். சாயங்காலம் அம்மாவும் நானும் நடக்க ஆரம்பிச்சோம். நாலாவது மாசம் விலக்கு வந்தது. அன்னிக்கு அம்மா பாயசம் வெச்சாங்க.

*

மோல்மேன்ல இருந்து: அக்கா, நான் கல்யாணமாகி மெட்ஃபார்மினை மட்டும் நம்பி ஒன்றரை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். விலக்கு சரியாச்சு, கர்ப்பம் நிக்கல. மாமியார் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா ஒவ்வொரு மாசமும் அவங்க முகத்தைப் பாக்கவே முடியாது. புதுசாப் பாத்த டாக்டர்தான், குழந்தைதான் வேணும்னா இது மட்டும் போதாதுன்னு சொன்னாங்க. 2007ல அமெரிக்காவுல 626 பொண்ணுங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவங்கள்ல 100க்கு 7 பேருக்குத்தான் குழந்தை பிறந்ததாம், முட்டையை வளர்க்கிற குளோமிஃபின் எடுத்தவங்கள்ல 22 பேருக்கு. 2014ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில, அதே மாதிரி முட்டையை வளர்க்கிற லெட்ரசோல்ங்கிற மருந்து அதையும் தாண்டிருச்சு. எனக்கு லெட்ரசோல் அஞ்சு அஞ்சு நாளா மூணு மாசம். பாப்பாவுக்கு இப்போ ரெண்டு வயசு. மெட்ஃபார்மின் வீண்னு சொல்ல வரல அக்கா, எதுக்கு எந்த மருந்துன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஒன்றரை வருஷம் மிஞ்சியிருக்கும்.

*

தாட்டோன்ல இருந்து: எனக்கு வயித்துக்கு ஒத்துக்கல, வாயில எந்நேரமும் இரும்பை நக்கின மாதிரி ருசி. மெல்ல மெல்லக் கரையிற வகையை மாத்திக் கொடுத்தாங்க, அது பரவாயில்ல. ஆனா தாடையில வளர்ற முடி ஒண்ணும் குறையல. மூணு வருஷமா தினம் காலையில நூல் போடுறேன். முடிக்கு இந்த மாத்திரையை ரொம்ப நம்பாதீங்க, அதுக்கு வேற மருந்தைக் கேளுங்க. இன்னொண்ணையும் வெக்கத்தை விட்டுச் சொல்றேன். விலக்கு வராததால கர்ப்பம் ஆகாதுன்னு நெனச்சுடாதீங்க. மாத்திரை வேலை செஞ்சா விலக்குக்கு முன்னாடியே முட்டை வரும். என் தங்கச்சிக்கு அப்படித்தான் ஆச்சு.

*

பெகுவுல இருந்து: பிள்ளைங்களா, எனக்கு 58 வயசு. 11 வருஷமா சுகருக்கு இதே மாத்திரைதான் சாப்பிடுறேன். பாதம் மரத்துப் போய் எறும்பு ஊர்ற மாதிரி இருந்தது, சுகர் நரம்புக்கு வந்துடுச்சுன்னு நெனச்சு பயந்துட்டேன். சோதிச்சுப் பாத்தா பி12 வைட்டமின் குறைஞ்சிருந்தது. ரொம்ப வருஷம் சாப்பிட்டா அப்படி ஆகுமாம். ஊசி போட்டதும் கால் சரியாச்சு. நீங்க சின்ன வயசுல ஆரம்பிக்கிறீங்க, அதனால அப்பப்போ பி12 பாத்துக்குங்க, கிட்னியையும் பாத்துக்குங்க. என் மகளுக்கும் விலக்குப் பிரச்சனை இருந்தது. பதினாறு வயசுல அவ கழுத்தை நானும்தான் தேய்ச்சேன். மேல எழுதுன பொண்ணோட கதையைப் படிச்சப்புறம் ராத்திரி அவளுக்கு போன் போட்டேன்.

*

மறுபடியும் ரங்கூன்: பெகு அம்மா, உங்க பதிலை எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம என் கழுத்தைத் தடவிக் கொடுத்தாங்க. கருப்பு முழுசாப் போகல, வெளுத்திருக்கு.

தாட்டோன் தங்கச்சி சொன்னதைத் தெருத் தங்கச்சிகிட்டயும் சொன்னேன். அவளும் என்னை மாதிரியே வெறும் வயித்துலதான் மாத்திரை போட்டிருக்கா. யாருமே சாப்பாட்டோடன்னு சொல்லல. வர்ற புதன்கிழமை அவளைச் சயாமாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். மருந்துக் கடைக்கும் நானே கூடப் போறேன்.