வாத்தியார் எழுதிய தேதி

மேலத்தெரு குடும்பம்
15 ஏப்ரல் 2023, சனி

சுதா, 9:12
நம் நிலாவுக்குத் திருநங்கை என்று கலெக்டர் தரும் சான்றிதழும் அடையாள அட்டையும் வந்துவிட்டன. அதுவும் திருநங்கையர் தினத்தன்று!

கமலா அத்தை, 9:14
என் தங்கமே! சாயங்காலம் வா, பாயசம் வைக்கிறேன்.

பெரியப்பா, 9:31
ரொம்ப சந்தோஷம் அம்மா. ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதே. எந்த டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார்?

சுதா, 9:33
டாக்டரே கிடையாது பெரியப்பா. ஆன்லைனில் விண்ணப்பம், கூடவே அவளே கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம். திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டப்படி அது போதும். உடல் பரிசோதனை கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டத்துக்கான 2020 விதிகளில் இருக்கிறது.

பெரியப்பா, 9:36
அவரவர் சொல்வதே போதும் என்றால் நாளைக்கு யாரும் எதையும் சொல்லலாமே?

நிலா, 9:40
பொய் சொல்லி இதில் என்ன கிடைக்கும் பெரியப்பா? வாடகை வீடு கேட்டு எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று சுதா அக்காவுக்குத் தெரியும்.

சுதா, 9:44
2014-ல் இதே ஏப்ரல் 15 அன்றுதான் நால்சா, அதாவது தேசிய சட்டப் பணிகள் ஆணையம், திருநர்களுக்காகப் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று முடிவு செய்வது அவரவர் உரிமை, அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கமலா அத்தை, 9:46
அப்போ அட்டையில் பெண் என்றே போட்டிருக்கிறார்களா?

நிலா, 9:51
இல்லை அத்தை, டிரான்ஸ்ஜெண்டர் என்றுதான். பெண் என்று மாற்ற, சிகிச்சை நடந்ததற்கு ஆஸ்பத்திரி சான்று வேண்டுமாம். கோர்ட் வேண்டாம் என்றதைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு திரும்பவும் கேட்கிறது. மனசு ஆறவில்லை.

பெரியப்பா, 10:38
இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நான் பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. "புயல் அடித்ததே, அதற்கு மறு வருஷம்" என்று தாத்தா சொல்ல, வாத்தியார் ஜூன் 5 என்று எழுதிக்கொண்டார். வேலை, ஓய்வு, பென்ஷன் எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான். இன்றுவரை ஒருவரும் சந்தேகப்படவில்லை. வாத்தியார் குத்துமதிப்பாக எழுதியதை நம்புகிறவர்கள், நீ உன்னைப் பற்றிச் சொல்வதை ஏன் நம்பக் கூடாது? நான் கேட்டதும் தப்புதான் நிலா.

நிலா, 10:40
ஐயோ பெரியப்பா, அப்படிச் சொல்லாதீர்கள். இங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

பெரியப்பா, 10:43
ரேஷன் கார்டில் இன்னும் பழைய பெயர்தானே? திங்கட்கிழமை சான்றிதழ் நகலோடு வா. இ-சேவை மையத்துக்கு நானும் வருகிறேன்.

கமலா அத்தை, 10:44
அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். ஜவ்வரிசி ஊறப் போட்டாச்சு.